முழங்காலும் ஒரு நெபுலாவும்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால், கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்தி, விண்வெளி வாயு மேகங்களான நெபுலாக்களைப் படம் எடுப்பாள். "பகல்ல எலும்பு, ராத்திரியில வானமா? ஒளிஞ்சிருக்கிறதைப் பார்க்காம உனக்குத் தூக்கமே வராதா?" என்று கணவன் சீண்டுவான். பேருந்து ஓட்டுநர், வாய் ஓயாத மனிதன்.

ஒருநாள் அவன் பேருந்தின் முகப்பில் ஒரு லாரி மோதியது. பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் வலது முழங்கால் மட்டும் நொறுங்கியது. அந்த எக்ஸ்ரேயை எடுத்தவளும் அவள்தான். வீடு திரும்பியவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரவெல்லாம் சுவரைப் பார்த்தபடி கிடந்தான். கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்பான்.

மூன்று மாதம் கழித்து, வீட்டின் இறுக்கம் தாங்காமல், தொலைநோக்கியை அவள் மறுபடி வெளியே எடுத்தாள். தெருவிளக்குகளால் வானம் பழுப்பேறிக் கிடந்தாலும் கவலையில்லை. அவளிடமிருந்த ஹைட்ரஜன் வடிகட்டி, அந்த வாயு உமிழும் ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும். மற்ற வெளிச்சத்தைத் தடுத்துவிடும். ஆக்சிஜனின் நீலப்பச்சைக்கு இன்னொரு வடிகட்டி. என்றோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஐந்தைந்து நிமிடமாக நூறு படமாவது எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் தெளியும்.

காலை ஏழு மணிக்கு வேலை என்பதால், தொலைநோக்கியில் பொருத்திய கேமராவை ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். நடு இரவில் தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி படிந்து மீதிப் படங்கள் பாழாகும். நான்கு இரவுகள் அப்படியே போயின. ஐந்தாம் நாள் காலை பார்த்தால் ஒரு படம்கூடப் பாழாகவில்லை.

சமையலறையில் அவன் ஊன்றுகோலோடு நின்று தேநீர் போட்டுக்கொண்டிருந்தான்.

"நேத்து பனியே இல்லையா?"

"இருந்துச்சு. உன் முடி காயவைக்கிற மெஷினால அப்பப்போ ஊதிவிட்டேன்."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டுப் படி இறங்கினீங்களா?"

"உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். சும்மா முழிச்சுக்கிட்டுத்தானே கிடக்கேன்?"

திட்ட வாயெடுத்தவள், அவன் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்து அடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கொல்லைக் காவல் அவனுடையது. அவளுக்கு இரவுப் பணி வந்த வாரம், ஆக்சிஜன் வடிகட்டியை அவனே மாற்றிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"நட்சத்திரமெல்லாம் சட்டைப் பொத்தான் மாதிரி உப்பிக் கிடக்கு."

"ஃபோகஸ் குமிழைத் திருப்புங்க. மயிரிழை அளவுதான்."

"கியர் போட்ட கை இது. மயிரிழைக்கு எங்க போறது?" கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "அப்பாடா! புள்ளியாயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் படங்களைச் சேர்த்தார்கள். சிவப்பும் நீலமுமாக இழைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு திரையெங்கும் விரிந்தன.

"வெடிச்சதுக்கு அப்புறமா இப்படி இருக்கு?" என்றான்.

"ஆமா. இன்னும் விரிஞ்சுக்கிட்டே போகுது."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என் பின்னால நாப்பது பேர் இருந்தாங்க. கண்ணை மூடினா அவங்க கத்தினதுதான் கேக்குது" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுது முடிக்கும்வரை விடவில்லை.

மறுநாள் அவளுடைய மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டான். இரண்டு மாதத்தில் பேருந்துப் பணிமனையில், வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கும் மேசையில் வேலைக்கு உட்கார்ந்தான். ஸ்டியரிங் பிடிக்க இன்னும் ஆறு மாதமாகும் என்றார்கள்.

"ஆகட்டுமே" என்றான்.