இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக்

பஸ்ஸின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு பிரேக் டிரம்மைத் தட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு அந்த இருமல் மூன்றாவது தடவையாகக் கேட்டது. ஈரமான இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்து தொண்டையில் இழுத்துக்கொண்டு நின்றது. அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் கட்டியிருந்த துணியை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டான்.

இருமியவன் பெயிண்டர். அதே பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை நீளம்கூட இல்லை.

"உடம்பு கொதிக்குதுடா. ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல," என்றான் பெயிண்டர்.

"அப்புறம் எதுக்கு வந்த?"

"நான் லீவு போட்டா காய்ச்சலும் லீவு போட்டுடுமா? இதெல்லாம் ஒரு காய்ச்சலா! நீ பேசாம குழிக்குள்ள இறங்குப்பா, இறக்கம்."

பணிமனையில் மெக்கானிக்குக்கு அதுதான் பேர். நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று மாத லீவு முடிந்து திரும்பியபோது, என்ன ஆபரேஷன் என்று கேட்டவர்களிடமெல்லாம் குடல் இறக்கம் என்று சொல்லிவைத்தான். தையல் பிரிந்து மறுபடி போட்டார்கள், கனம் தூக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னான். அன்றிலிருந்து டிரம்மைத் தூக்கிக்கொடுக்க ஆள் வந்தது. கூடவே பட்டப்பேரும் வந்தது. பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் அவன் படியில் கால் வைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவன், "இறக்கம் இறங்குது, வழி விடுங்க!" என்று கத்துவான். அவனும் சிரித்துவைப்பான்.

உண்மையில் இறங்கியது குடல் இல்லை. உள்ளே ஏறியது ஒரு கிட்னி. அவனுடைய இரண்டும் செத்துப்போக, மாமியார் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள்.

அந்தக் கிட்னியை வேற்று ஆள் என்று உடம்பு விரட்டிவிடாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை மாத்திரை. அதை இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தான். கேட்டால் வாயுத் தொல்லை என்பான். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துத்தான் அமுக்கி வைக்கிறது. போன முறை போனபோது டாக்டர் அவன் தொழிலை வைத்தே விளக்கினார்.

"மத்தவங்க டயர்ல அடிச்ச காத்து ஒரு வருஷம் நிக்கும். உங்க டயர்ல மெதுவா இறங்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ காத்து அடிச்சே ஆகணும். அதுதான் பூஸ்டர், தொத்துக் காய்ச்சலுக்கு எதிரா மறுபடி போடற ஊசி. ஏற்கனவே ஆறு மாசம் தாண்டியாச்சு. இந்த மாசம் தள்ளிப் போடாதீங்க."

தள்ளிப் போடத்தான் செய்தான். ரத்தப் பரிசோதனைக்கே மாதத்தில் இரண்டு லீவு போய்விடுகிறது. அடுத்த லீவுக்கு டாக்டர் கடிதம் வேண்டும் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். கடிதம் கொடுத்தால் கிட்னி வெளியே வந்துவிடும். வந்தால் என்ன ஆகும் என்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். இதயத்தில் கோளாறு என்று ஒப்புக்கொண்ட எலக்ட்ரீஷியனை முதலில் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்தார்கள். ஆறு மாதத்தில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு வருடமும் உடல்தகுதிப் படிவத்தில், நாள்பட்ட நோய் உண்டா என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுவான்.

அன்று பணிமனைக்குள்ளேயே ஊசி முகாம். டயர் அறையைக் காலி செய்து மேஜை போட்டிருந்தார்கள். தொழிலாளியும் போடலாம், குடும்பத்தாரும் போடலாம், ஒரு மணி வரைக்கும்தான் என்று கேட்டில் எழுதி ஒட்டியிருந்தது. லீவும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். காலையிலிருந்து அவனுக்கு அந்த அறையைத் தவிர வேறெதிலும் புத்தி நிற்கவில்லை. பதினான்காம் நம்பர் ஸ்பானருக்குப் பதில் பதினேழை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். மறுபடி ஏறினான்.

பெயிண்டர் இன்னொரு தடவை இருமினான். இவன் கையைத் துடைத்துக்கொண்டு டயர் அறைக்கு நடந்தான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் நர்ஸ். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஃபோர்மேன். நோட்டில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே நோய் உண்டா, இல்லையா என்று டிக் போடுவது அவர் வேலை. விரல் முட்டிகள் வீங்கி, பேனாவைக் குழந்தை பிடிப்பதுபோல் முழுக்கையால் பிடித்திருந்தார். ஃபோர்மேன் கையை விரிக்க மாட்டார், விரித்தால் லீவு கீழே விழுந்துவிடும் என்று பணிமனையில் ஒரு கிண்டல் உண்டு.

நர்ஸ் அவன் கார்டைப் புரட்டினாள். "ஏழு மாசந்தானே ஆகுது? வருஷத்துக்கு ஒண்ணுதாங்க. எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு மட்டும்தான் ஆறு மாசத்துல. உங்களுக்கு நாள்பட்ட நோய் ஏதாவது? ஆபரேஷன் செஞ்சு, தொடர்ந்து மாத்திர ஏதாவது?"

ஃபோர்மேனின் பேனா நோட்டுக்கு மேலே காத்திருந்தது.

"இல்லைங்க," என்றது அவன் வாய். அவன் சொன்னதாகவே தோன்றவில்லை. நான்கு வருடப் பழக்கம் சொன்னது.

"இவனுக்குக் குடல் இறக்கம் மட்டுந்தாம்மா," என்று ஃபோர்மேன் சிரித்தார். டிக் போட்டார்.

"அது கணக்குல வராது சார். அடுத்த வருஷம் வாங்க. அடுத்த ஆள்!"

பஸ்ஸுக்குத் திரும்பினான். நான்கு போல்ட்டை முறுக்கினான். முறுக்கியதையே கழற்றிப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வெறும் சளி என்று ஆரம்பித்தது பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. மூன்றாம் நாள் கிட்னி நின்றுவிடும்போல இருந்தது. அப்போது ஊரில் ஒரு சாவு என்று பணிமனையில் சொல்லிவைத்தான். சாவு ஏறக்குறைய அவனுடையதாகவே இருந்திருக்கும்.

மணி பன்னிரண்டு ஆனதும் மறுபடி போனான்.

"சிஸ்டர், சும்மா ஒண்ணு போட்டுவிடக் கூடாதா? நான் எதுவும் புகார் சொல்ல மாட்டேன்."

"இது என்ன மிட்டாயாங்க, சும்மா ஒண்ணு குடுக்க? காரணம் சொல்லுங்க, போடுறேன்."

வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். "ஊசி மேல இவ்வளவு ஆசப்பட்ட மனுஷன இன்னைக்குத்தான்டா பார்க்கறேன்!"

காரணம் நாக்கு நுனிவரை வந்தது. ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. வெளியே வந்து நின்றான். அப்போதுதான் கேட்டுக்குள் மாமியார் வருவதைக் கண்டான். கட்டட வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கை வரை சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. கையில் கார்டு.

"மாப்ள, இங்க குடும்பத்துக்கும் போடுறாங்களாமே? வீட்டுல இருக்கற எல்லாரும் போட்டுக்கணும்னு உங்க டாக்டர் சொன்னார்ல? சாப்பாட்டு நேரத்துல ஓடியாந்துட்டேன். நீங்க போட்டாச்சா?"

அவன் அவளை டயர் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போனான். "அத்தை, ஒரு உதவி. உள்ள போனா ஆபரேஷன் இருக்கான்னு கேப்பாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"இங்க யாருக்கும் தெரியாது. குடல் இறக்கம்னு சொல்லியிருக்கேன்."

"என் கிட்னிக்கு நீங்க வச்ச பேரு குடல் இறக்கமா?"

"அப்படி இல்ல அத்தை, வேலை..."

"அதச் சொல்லலைன்னா உங்களுக்கு எப்படி ஊசி போட்டாங்க?"

அவன் தலை குனிந்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்திலிருந்து பெயிண்டரின் இருமலும் கேட்டது. அவள் அந்தத் திசையைப் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். "சரி மாப்ள. நீங்க சொன்ன மாதிரியே சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

அவனால் வெளியே நிற்க முடியவில்லை. வாசல்படியில் போய் நின்றான். மணி பன்னிரண்டே முக்கால். நர்ஸ் காலிக் குப்பிகளை எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

"நாள்பட்ட நோய் ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல."

"பெரிய ஆபரேஷன் ஏதாவது?"

மாமியார் திரும்பி வாசலைப் பார்த்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே உரத்த குரலில் சொன்னாள். "இல்ல சிஸ்டர். என் வயித்துல யாரும் கத்தி வைக்கல. நான் யாருக்கும் எதுவும் குடுக்கல. எல்லாம் ரெண்டு ரெண்டா அப்படியே இருக்கு."

நர்ஸ் குழப்பத்தோடு நிமிர்ந்தாள். ஃபோர்மேன் 'இல்லை'யில் டிக் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அவன் காதில் இன்னும் இருக்கிறது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "என் மாப்பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது, கிட்னி வேலை செய்கிறது என்றார்கள். கேட்டுவிட்டுத்தான் மறுபடி கண்ணை மூடினாள். அந்த வாய் இப்போது, நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்கிறது. சொல்லவைத்தவன் அவன்தான்.

"அடிச்சிடுங்க சார்," என்றான்.

ஃபோர்மேன் நிமிர்ந்தார். "என்னது?"

"அந்த 'இல்ல' டிக்கக் கோடு போட்டு அடிச்சிடுங்க. இவங்க பேருக்கு நேராவும், என் பேருக்கு நேராவும். எனக்குக் குடல் இறக்கம் இல்ல. கிட்னி மாத்தியிருக்கு. குடுத்தது இவங்கதான். நாலு வருஷமா பொய் சொல்லிட்டேன்."

ஃபோர்மேனின் முகம் கறுத்தது.

"நாலு வருஷமா குழிக்குள்ள இறங்கியிருக்க. புகை, தூசி, கண்ட தண்ணி. அதுக்குள்ள செத்துக்கித்துப் போயிருந்தா எவன்டா பதில் சொல்றது?"

"தெரியும் சார். வேலை போயிடும்னு பயம்."

"இப்ப போகாதுன்னு எவன் சொன்னான்? நான் மேல எழுதித்தான் ஆகணும். அவங்க என்ன சொல்வாங்களோ, எனக்குத் தெரியாது."

"எழுதுங்க. நான் முதல்ல ஊசியப் போட்டுக்கறேன்."

அவன் சட்டைக் கையைச் சுருட்டினான். நர்ஸ் கார்டில் ஏதோ திருத்தி எழுதினாள். "இதக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல? சரி, ஊசி போட்ட உடனே கோட்டை கட்டின மாதிரி நினைச்சுக்காதீங்க. உடம்புல பிடிக்க ரெண்டு வாரம் ஆகும். உங்க உடம்புல முழுசாவும் பிடிக்காது. முகத்துல துணி போதாது, நல்ல மாஸ்க்கா போடுங்க. காய்ச்சல்காரங்க பக்கத்துல நின்னீங்களா?"

"காலையிலிருந்து."

"அப்ப இன்னைக்கே உங்க டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்க. காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்காதீங்க."

வாசலில் பெயிண்டர் நின்றிருந்தான். வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். உள்ளே வராமல் இரண்டடி பின்னால் நகர்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"பாவி, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? உன் மூஞ்சிக்கு நேரா இருமிட்டு இருந்தேனேடா."

"நீ வீட்டுக்குப் போ," என்றார் ஃபோர்மேன். "லெட்டர் எதுவும் வேணாம். காய்ச்சல் விட்டப்புறம் வந்தாப் போதும். கிளம்பு."

பணிமனையில் அந்த மாதிரி ஒரு வார்த்தையை யாரும் அதுவரை கேட்டதில்லை. பெயிண்டர் நம்பாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஊசி போட்டதும் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்கள். மாமியாரும் மருமகனும் பழைய டயரில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடம் நெருக்கம். மரியாதைக்காக அவன் ஒரு ஓரமாய் ஒட்டிக்கொண்டான்.

"வேலை போயிட்டா என்ன அத்தை பண்றது?"

"கஷ்டப்படுவோம். பட்டதில்லையா? நான் ஒண்ணும் செத்த மாப்பிள்ளைக்கு வேலை இருக்கணும்னு கிட்னி குடுக்கல. உயிரோட இருக்கறவருக்குத்தான் குடுத்தேன்."

வரிசை கலைந்தது. நர்ஸ் பெட்டியை மூடப்போனாள். ஃபோர்மேன் மட்டும் எழுந்திருக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டி, வீங்கிய விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர், இந்த மூட்டு வாதத்துக்கு மாத்திர சாப்பிட்டா, அதுவும் எதிர்ப்புச் சக்தியக் குறைக்குமா?"

"சில மாத்திர குறைக்கும். யாருக்கு?"

அவர் கையை மேஜைமேல் வைத்தார். எவ்வளவு முயன்றும் விரல்கள் முழுசாக விரியவில்லை. "மூணு வருஷமா சாப்பிடறேன். டாக்டர் அப்பவே சொன்னார். காலையில முதல் ஆளா என் பேர எழுதி, அதுக்கு நேரா 'இல்ல'ன்னு நானே டிக் போட்டுட்டேன், ஊசியும் இல்லாமப் போச்சு."

நர்ஸ் பெட்டியை மறுபடி திறந்தாள். மாத்திரைச் சீட்டை எடுத்துக் காட்டச் சொன்னாள்.

டயரில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் பேசினாள். மருமகனுக்குச் சொல்வதுபோல் ஃபோர்மேனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நோய் வந்தது நம்ம தப்பு இல்ல மாப்ள. அத 'இல்ல'ன்னு சொன்னோம் பாருங்க, அதுதான் தப்பு. அந்தப் பொண்ணுக்கு நம்ம உடம்புக்குள்ள எட்டிப் பார்க்கத் தெரியுமா? வாயத் திறந்து சொன்னாத்தான் ஊசி. மறைச்சா, நோய்க்கு நாமளே கதவத் திறந்து விட்டுட்டு வாசல்ல உக்காந்திருக்கற மாதிரி."

ஃபோர்மேன் பேனாவை முழுக்கையால் பிடித்து, முதல் வரியில் இருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். கோணல்மாணலாக, ஆனால் அழுத்தி, பக்கத்துக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினார்.