புரவி எழ மூன்று வேட்டு

காரைக்குடி வட்டாரத்தில் இத்தனை வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது உமையாளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுக்கே என்றால் அதில் அர்த்தம் உண்டு. அப்பச்சி, அவளைப் பெற்றவர், விட்டுப்போன துப்பாக்கிக் கடையை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறவள். ஒரு நாளைக்கு மூன்று பேர் படியேறினால் அவளுக்கு அது கூட்டம். அன்று காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கியபோது தெருமுனை வரைக்கும் வரிசை நின்றது. வேட்டி, லுங்கி, சபாரி, ஒரு டிராக்டர், இரண்டு இன்னோவா. எல்லோர் கையிலும் லைசென்ஸ் புத்தகம். சிலர் பரணில் இருந்து இறக்கிய துப்பாக்கியை ஜமுக்காளத்தில் சுற்றித் தோளில் சாத்தியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த இரும்பெல்லாம் வெயிலுக்கு வந்து வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உமையாள் உள்ளே போனாள்.

காரணம், வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு குரல். ஒன்றே கால் நிமிடம். 'ஒண்ணாந்தேதியிலிருந்து தோட்டா விற்பனை கிடையாது. இருப்பு உள்ளவன் பிழைச்சான்.' பேசியவன் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. உமையாள் மாவட்ட அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். "எங்களுக்கே ஒண்ணும் வரலீங்களே" என்றார்கள். அதையும் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள்.

"வராதுன்னு சொன்னாகளா?" என்றது ஒரு குரல்.

"வரலைன்னாக."

"அப்ப வரும். குடுங்க ஆச்சி."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கத் தயாராக இல்லை.

கடைக் கணக்கர் கோபிநாத், ஐம்பத்திரண்டு வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பதிவேட்டில் எழுதி எழுதி மாய்ந்தார். பதினோரு மணிக்குள் பாதி இருப்பு காலி. உமையாள் ஒரு முடிவெடுத்தாள். ஆளுக்குப் பத்துத் தோட்டா. பெட்டியோடு கிடையாது. பிரித்து எண்ணித் தருவாள், பையை அவரவர்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த முடிவில்தான் வினை இருந்தது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு மேஜை முன்னால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் பள்ளத்தூர் வள்ளியப்பன். ரங்கூனில் வாங்கிய துப்பாக்கி ஒன்று அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. குழல் அளவு இருபது போர்.

"நான் ஒரு தடவைகூட வெடிச்சதில்ல உமையா," என்றார் அவர், தாமே சிரித்துக்கொண்டு. "ஆனா கிடைக்காதுன்னுட்டாக பாரு, ராத்திரி பூரா தூக்கமில்ல."

மற்றவர் நெற்குப்பைக்கு அப்பால் ஆலங்கண்மாயிலிருந்து வந்த சின்னக்கருப்பு. பன்றிக்குப் பயந்து வயல்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய சம்சாரி. பன்னிரண்டு போர், ஒற்றைக்குழல்.

"அம்பது குடுங்க ஆச்சி."

"பத்துத்தாண்ணே. எல்லாருக்கும் பத்து."

"பன்னிக்குன்னா பத்துப் போதும். இது அய்யனாருக்கு." சின்னக்கருப்பு குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கி எங்கூருல புரவி எடுப்பு. அஞ்சரைக்கு மூணு வேட்டு விழுந்தாத்தேன் குதிரை எந்திரிக்கும். எங்க பாட்டன் காலத்துல இருந்து எங்க வீட்டுத் துப்பாக்கிதேன். அடுத்த வருசம் தோட்டா இல்லேன்னா குதிரைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வீட்டுல இருப்பு இருக்கா?"

"பழசு நாலு கெடக்கு. நமுத்துப் போயிருந்தாலும் போயிருக்கும். புதுசு வெடிக்கலேன்னா அதத்தேன் போட்டுப் பாக்கணும்."

பின்னால் வரிசை இரைந்தது. உமையாள் குனிந்து இரண்டு பெட்டிகளிலிருந்தும் பத்துப் பத்தாக எண்ணினாள். மேஜைமேல் இருந்த இரண்டு மஞ்சள் பைகளில் போட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு பையிலும் ஒரே எழுத்து. 'சத்தியப்பிரியா – ஸ்ரீநிவாசன் திருமணம்.' வள்ளியப்பன் வீட்டுக் கல்யாணம், போன வைகாசியில் நடந்தது. அந்தக் கல்யாணத்துக்கு விறகு ஏற்றி வந்த சின்னக்கருப்புக்கும் தேங்காய் வெற்றிலையோடு ஒரு பை கொடுத்திருந்தார்கள். இந்தச் சீமையில் கல்யாணப் பை இல்லாத வீடு ஏது? அதைத் தூக்காமல் கடைக்குப் போகிறவர்தான் யார்?

மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. வள்ளியப்பன்.

"உமையா, தோட்டா உள்ள போகமாட்டேங்குது. சும்மா போட்டுப் பாத்தேன். வாயிலேயே நிக்கிது. துப்பாக்கி வீங்கிப்போச்சா, தோட்டா வீங்கிப்போச்சா?"

"அண்ணே, தோட்டா அடியில என்ன நம்பர் இருக்கு, வாசிங்க."

"பன்னெண்டு."

உமையாள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

துப்பாக்கியில் எண் கூடினால் குழல் ஒடுங்கும். பன்னிரண்டு போர் அகலம், இருபது போர் ஒல்லி. பன்னிரண்டு வள்ளியப்பனிடம் போனதில் ஆபத்தில்லை. நுழையாது, அவ்வளவுதான். ஆனால் இருபது போர் சின்னக்கருப்பிடம் போயிருக்கிறது. அது நுழையும். நுழைந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு விரல்கடை உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் 'டக்' என்று வெறும் சத்தம். துப்பாக்கியை மடித்துப் பார்த்தால் தோட்டா போடும் வாய் காலியாகத் தெரியும். போட மறந்துவிட்டோம் போல என்று நினைத்து ஒரு பழைய பன்னிரண்டைப் போடுவார். அது சரியாகப் பொருந்தும். அதை வெடித்தால்...

அப்பச்சி ஒருமுறை அப்படிக் கிழிந்த குழலைக் காட்டியிருக்கிறார். வாழைப்பூ மடல் விரிந்த மாதிரி இருந்தது இரும்பு. அதைப் பிடித்திருந்த ஆளைப் பற்றி அப்பச்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கோபிநாத்! ஆலங்கண்மாய் நம்பரைப் போடுங்க!"

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஸ்டேஷனுக்குச் சொல்லவா ஆச்சி?" கோபிநாத் தயங்கினார். "சொன்னா நம்ம கடை லைசென்ஸு..."

ஒரு மூச்சு நேரம். ஒரே ஒரு மூச்சு நேரம்தான் உமையாள் யோசித்தாள். அந்த ஒரு மூச்சுக்காக அவள் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டாள்.

"சொல்லுங்க. நம்ம தப்புன்னே சொல்லுங்க. காரை எடுங்க."

மூன்று ஐம்பத்தைந்துக்குக் கோபிநாத்தின் பழைய ஆல்டோ கிளம்பியது. உமையாள் மடியில் போன், விரல் திரும்பத் திரும்ப ஒரே எண்ணில். குன்றக்குடி ரோட்டில் பஸ்கூட ஒதுங்கி வழிவிட்டது. அப்பால் ஒரு பாலத்தில் வேலை. அரை மணி நேரம் அங்கேயே போனது. ஸ்டேஷனிலிருந்து பதில் வந்தது: ஆள் பூரா வேறு ஊர் பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், அனுப்புகிறோம். எப்போது என்று சொல்லவில்லை.

நெற்குப்பை தாண்டும்போது ஐந்து எட்டு. ஆலங்கண்மாய் விலக்கில் ஐந்து பதினெட்டு. அதற்கு மேல் கார் நகரவில்லை. வேன், மாட்டுவண்டி, பைக், நடுவில் ஐஸ் வண்டி.

"நீங்க இருங்க," என்றாள் உமையாள். செருப்பைக் காரிலேயே விட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறி ஓடினாள். நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் ஓடியதில்லை.

கரை வளைவு திரும்பியதும் கால் தானாக நின்றது.

கீழே, வேளார் வீட்டுப் பொட்டலில், குதிரைகள்.

மண்ணால் செய்து சுட்டு வெள்ளை பூசிய குதிரைகள். ஆள் உயரம்போல் ஒன்றரை மடங்கு. ஒன்றா இரண்டா, அறுபதுக்குக் குறையாது. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், கண் மட்டும் கறுப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் மூங்கில் கட்டி எட்டெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள், அய்யனார் கோயிலுக்குத் தூக்கிப்போகத் தோள் கொடுக்கத் தயாராக. நூற்றுக்கணக்கான பெண்கள் குலவை போட்டார்கள். உறுமி மேளம் தரைவழியாக ஏறி உமையாளின் பாதத்தில் அதிர்ந்தது. சாயும் வெயிலில் அத்தனை குதிரையும் ஒரே திசையைப் பார்த்து, மூச்சை அடக்கி, ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தன.

அந்தச் சத்தம் நடுப்பொட்டலில் ஒரு மனிதர் கையில் இருந்தது.

சின்னக்கருப்பு துப்பாக்கியை வானத்துக்கு உயர்த்தினார்.

"வேணாம்!" உமையாள் கத்தினாள். தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை. சரிவில் உருளாத குறையாக இறங்கினாள். முதுகுகளை இடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு...

'டக்.'

மேளம் நின்றது. குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது. "என்னாச்சு?" "விழுகலையே!" "அய்யனாருக்கு என்ன கோவமோ?"

சின்னக்கருப்பின் முகம் வெளுத்திருந்தது. துப்பாக்கியை மடித்தார். வாய் காலி. "போட்டனா, இல்லையா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். மஞ்சள் பையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடுப்புக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு பழைய தோட்டாவை எடுத்தார்.

உமையாளுக்கும் அவருக்கும் நடுவே நாற்பது முதுகு இருந்தது.

தோட்டா குழல் வாய்க்குப் போகும் நேரம், ஒரு கை குறுக்கே வந்து வாயை மூடியது. வளையல் போட்ட கை. சின்னக்கருப்பின் சம்சாரம், சோணையம்மாள்.

"கண்ணு பாக்காம எப்புடிப் போடுவீக?"

"இப்பத்தான பாத்த! ஊரே நிக்கிது, கையை எடு."

"ஒவ்வொரு தடவைக்குந்தேன். நான் வாழ வந்த அன்னிக்கி ஒங்க ஆத்தா சொன்னது. வெளக்கு தெரியாம தோட்டா ஏறக்கூடாது."

"வெடிக்கவே இல்லையேடி!"

"வெடிச்சா என்ன, வெடிக்காட்டி என்ன? பாத்துட்டுப் போடுங்க."

அந்த வீட்டு வழக்கம் அது. குழலின் ஒரு முனையில், குதிரை செய்த வேளார் சூடத்தட்டை நீட்டுவார். மறுமுனையில் வீட்டுக்காரி கண்ணை வைத்துச் சுடரைப் பார்ப்பாள். அய்யனார் கண் திறந்திருக்கிறார் என்று அதற்குப் பேர். எப்போது, யார் ஏற்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. துப்பாக்கி பற்றி எல்லாம் தெரிந்த உமையாளுக்கும் தெரியாது.

வேளார் தட்டை நீட்டினார். சோணையம்மாள் ஒரு கண்ணை மூடி, குழலில் மற்ற கண்ணை வைத்தாள்.

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இருட்டா இருக்கு," என்றாள் அவள்.

"என்ன?"

"வெளக்கு தெரியல. உள்ள என்னமோ அடைச்சுக்கிட்டு நிக்கிது."

அப்போதுதான் உமையாள் வந்து விழுந்தாள். வெறுங்கால், கலைந்த கொண்டை, பேச மூச்சில்லை. பழைய தோட்டாவை அவர் விரல்களிலிருந்து பிடுங்கித் தன் கைக்குள் பொத்திக்கொண்ட பிறகுதான் வார்த்தை வந்தது.

"போடாதீகண்ணே. தப்புத் தோட்டா. பை மாறிப்போச்சு. என் கையால நடந்த தப்பு."

மூங்கில் குச்சியை முன்பக்கமிருந்து விட்டு மெல்லத் தள்ளினார்கள். இருபது போர்த் தோட்டா வழுக்கி வந்து உமையாளின் உள்ளங்கையில் விழுந்தது. சூடில்லை, சத்தமில்லை. பின்னாலிருந்து பழையது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

சின்னக்கருப்பு தன் இடது கையை, குழலைத் தாங்கும் கையை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுக்கையிலயே ஒல்லியாத்தேன் இருந்துச்சு ஆச்சி," என்றார் கடைசியில். "பிஸ்கோத்துப் பாக்கெட்டெல்லாம் சுருங்கிப்போச்சுல்ல, இதுவும் அப்புடித்தேன் போலன்னு நெனச்சுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். யாரோ, "கேஸு குடுக்கணும்ய்யா, கடையை இழுத்து மூடணும்" என்று குரல் எழுப்பினார்கள். சரிதான் என்று உமையாள் தலையாட்டினாள்.

சோணையம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கேசு குடுக்குறதெல்லாம் நாளைக்கி. இப்ப புரவி ஒக்காந்திருக்கு."

பழைய தோட்டா நாலு. வேண்டியது மூன்று. உமையாள் ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணை வாசித்துக் கொடுத்தாள்.

முதல் வேட்டு விழுந்தது. ஆலமரத்திலிருந்த கொக்கெல்லாம் வெள்ளைத் துணி உதறியது போல எழுந்தன. கண் பார்த்து, இரண்டாவது வேட்டு. மூங்கில்கள் தோளில் ஏறின.

மூன்றாவதுக்கு முன்னால் சோணையம்மாள் மடித்த குழலை உமையாளின் பக்கம் திருப்பினாள்.

"நீங்க பாருங்க ஆச்சி."

இருபத்திரண்டு வருடத்தில் உமையாள் எத்தனையோ குழலுக்குள் பார்த்திருக்கிறாள். துரு பார்க்க, கீறல் பார்க்க. இப்போது கண்ணை வைத்தாள். நீண்ட இருட்டு வளையம் வளையமாகப் பளபளத்துக்கொண்டு ஓடியது. அதன் கோடியில், ஒரு மிளகு அளவுக்கு, நடுங்கி நடுங்கி நின்றது சுடர்.

"தெரியுதா?"

உமையாள் கண்ணை எடுத்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

மூன்றாவது வேட்டு விழுந்தது. அறுபது குதிரையும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுந்தன.