நாலு விரற்கடை

பொன்னம்மாள் அந்த ரோஜா மாலையைத் தம்பியின் நெஞ்சிலிருந்து உருவி, வாசலைத் தாண்டித் தெருவில் விட்டெறிந்தாள். அது பறையடிப்பவர்களின் காலடியில் போய் விழுந்தது. பறை ஒரு கணம் தடுமாறி மறுபடி தொடங்கியது.

"எவன் போட்டான் இத்த? கொன்னவன் மாலை எந் தம்பிக்கு வேணாம்!"

போட்டவர் கோவில்பதாகை மிராசுதார் ஜம்புலிங்கம். நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள், வெள்ளிக்கிழமை, அவள் தம்பி சம்பத்தோடு சேர்ந்து புளியமரத்தில் போய் மோதிய காரை ஓட்டியவர் அவர்தான். அவருக்கு இந்த நூம்பல் கிராமத்தில் நாற்காலியும் விசிறியும் கிடைத்தன. செத்தவனைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அக்காவுக்குத் தரைதான்.

"பொன்னு, வாய மூடிக்கினு உக்காரு. பெரிய மனுசன் தேடி வந்துகீறாரு," என்றார் சித்தப்பா வீரராகவன். காரியங்களையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை எடுக்கும் பிணம் துணை தேடுமே என்று பாடையில் கட்டக் கோழிக்குஞ்சு தேடி ஆள் அனுப்பியிருந்தார்.

"பெரிய மனுசன்னா நேத்து கேட்டுட்டு எட்த்தாந்திருக்கணும் வண்டிய."

சம்பத்தின் மனைவி தாட்சாயிணி பொன்னம்மாளின் தோளில் சாய்ந்தபடி இருந்தாள். நேற்றிலிருந்து அந்தத் தோளை விட்டு அவள் நகரவில்லை. பொன்னம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மிராசுதார் மேல் கோபம், கம்பி அடித்துத் தரத் தாமதம் செய்த கொல்லன் மேல் கோபம், பஞ்சாங்கத்தின் மேல் கோபம். எல்லாரையும்விட, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி படுத்திருக்கிறானே, அவன் மேல் கோபம். பிரேக் இல்லாத வண்டி என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீதானே, நீயே போய் அதில் தாவி ஏறுவாயா, அறிவுகெட்டவனே.

அந்தக் கார் ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போனது. பந்தயத்துக்கென்று செய்த, இருபது வயசு வண்டி. மிராசுதார் அதை மிதித்த மிதியில் பின் அச்சு மூன்று தரம் முறிந்தது. "எஞ்சினு யானக்கா, இடுப்பு மட்டும் கெழவன் இடுப்பு," என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான் சம்பத். உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷம். ஆவடியில் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட சின்ன லாரி ஒன்றிலிருந்து நல்ல கனமான அச்சு ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தான். அகலத்தைக் குறைத்து, வில்லுப்பட்டைக்கு இடம் மாற்றிப் பற்றவைத்து, வேலப்பன்சாவடியில் தன் பட்டறைக் கொட்டகையில் மூன்று வாரம் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி மல்லாந்து கிடக்க மாட்டான் ஒருவன்.

எல்லாம் பொருந்திவிட்டது. பிரேக் கம்பி மட்டும் நாலு விரற்கடை குட்டை. பழைய காலத்து வண்டியாதலால் அதற்குப் பின் சக்கரங்களில்தான் பிரேக். கம்பி இல்லாவிட்டால் பிரேக்கே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் புதுக்கம்பி அடிக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குக் கொல்லன் அய்யாசாமியிடம் போனான்.

திரும்பி வரும்போது எதிரே அந்த வண்டி வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி, பக்கப் பலகையில் தாவி ஏறி, எஞ்சினை நிறுத்தக் கையை உள்ளே விட்டிருக்கிறான். பதறிப்போன மிராசுதார் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. சம்பத் நின்ற பக்கமாகவே மரத்தில் இடித்தது.

பந்தலின் மறுபக்கம் கிராம முன்சீப் கங்காதரன் மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். சாவு எப்படி நேர்ந்தது என்று சொல்லும் இந்தக் கடுதாசி முடிந்தால்தான் பாடை கிளம்பலாம். முடித்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"மேற்படி சம்பத், வேலை முடிந்ததற்கு அடையாளமாகச் சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பிரேக் மாட்ட மறந்த தன் அஜாக்கிரதையினாலேயே..."

"இன்னாது?" என்றாள் பொன்னம்மாள். தாட்சாயிணியின் தலையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தாள்.

மிராசுதார் தொண்டையைச் செருமினார். "நான் பொய் சொல்லலேம்மா. பழம் வெக்காத வண்டியத் தொடாதீங்கன்னு அவனேதான் சொல்லுவான். நான் போறப்போ நாலு சக்கரத்துக்கும் பழம் இருந்துது. ஞாயித்துக்கெழம பந்தயம். பழத்தப் பாத்தேன், எடுத்தேன். இதுல எந் தப்பு இன்னா கீது?"

அதுவும் நிஜம். சம்பத்தின் எலுமிச்சம்பழம் பூந்தமல்லி வரைக்கும் பிரசித்தம். வேலை சுத்தமாக முடிந்தால்தான் வைப்பான். கலெக்டர் வண்டியே ஆனாலும் பழம் இல்லாமல் கொட்டகையை விட்டு நகராது.

"பாவம், நல்ல வேலக்காரன். மறந்துட்டான்," என்றார் வீரராகவன்.

"மறந்துட்டானா? எந் தம்பியா?"

பொன்னம்மாள் விடுவிடுவென்று உள்ளே போனாள். சுவரோரம் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்துவந்து முன்சீப்பின் காலருகே டங்கென்று போட்டாள். புதுக்கம்பி, உலையின் கறுப்பு இன்னும் போகாதது.

"இது இன்னான்னு தெரியுதா? பிரேக் கம்பி. மரத்துல நசுங்கிக் கெடக்க சொல்லவும் இத்த உடாம கையில புட்ச்சினு இருந்தான். மறந்தவன் எதுக்குய்யா கொல்லன் ஊட்டுக்குப் போறான்? போய்ப் பாருங்க அந்த வண்டிய. மூஞ்சி பூராத் தகடாப் பூட்ச்சி. அவன் வெச்ச அச்சுல ஒரு கீறல் கீதா? அஜாக்கிரதயாம்! அடிச்சுடு அந்த வார்த்தைய!"

முன்சீப் கம்பியைப் பார்த்தார். நேர்மையான மனிதர்தான். பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"சரிம்மா. பிரேக் மாட்டலேன்னு அவனுக்குத் தெரியும், ஒத்துக்கறேன். அப்போ பழத்த வெச்சது யாரு?"

பறை நின்றிருந்தது. பீடி பற்றவைத்துக்கொள்ள நிறுத்தியிருந்தார்கள்.

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு நேற்றே தெரியும். இது வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் கத்திக்கொண்டிருந்தாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் போதும். கடுதாசியில் தம்பி மறதிக்காரனாகப் போவான். அவள் அக்காவாகவே இருந்துவிடலாம்.

"நானு," என்றாள்.

"இன்னா?"

"நான்தான் வெச்சேன். எழுதிக்கோ." குரல் இறங்கவில்லை, கோபம் அப்படியே இருந்தது. "வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது, அதுக்குள்ள பழம் வெக்கணும், நாபகப்படுத்துக்கான்னு முந்தா நாளே சொன்னான். பத்து மணி ஆச்சு, ஆளக் காணோம். நல்ல நேரம் போய்க்கினே கீது. பழமும் அங்கியே கீது. நாலயும் எடுத்து வெச்சிட்டு, அவனுக்குச் சோறு எடுத்தாற ஊட்டுக்கு வந்தேன். பழம் வெச்சா வண்டிய எடுத்துடுவாங்கன்னு எனக்குத் தோணல. எனக்கு அது சாமி காரியம். எழுது. பொன்னம்மாள் வெச்சான்னு எழுது. எந் தம்பி வேலைல ஒரு கொறையும் இல்லன்னு எழுது!"

முன்சீப் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. மிராசுதார் நெற்றிப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அதைப் பார்த்த பொன்னம்மாளுக்கு அந்தக் கம்பியாலேயே ஒன்று போடலாமா என்று வந்தது.

கோழிக்குஞ்சு வந்துவிட்டது. பாடையும் தயாராகிவிட்டது. பங்காளி வீட்டுக் கன்னியம்மாள் வாய்க்கரிசித் தட்டோடு வந்து, "பொம்பளைங்கள்லாம் வாங்க. மொதல்ல கூடப் பொறந்தவ வா," என்று கூப்பிட்டாள்.

பொன்னம்மாள் ஒரு பிடி அரிசியை அள்ளினாள். தாட்சாயிணி தரையோடு நகர்ந்து புருஷனின் தலைமாட்டுக்குப் போயிருந்தாள். நேற்றிலிருந்து அழுது வீங்கிய அந்தக் கண்ணில் இப்போது ஈரமே இல்லை.

பொன்னம்மாள் குனிந்தாள்.

தாட்சாயிணி கையை நீட்டி, உள்ளங்கையால் சம்பத்தின் வாயை மூடினாள்.

"தாச்சு," என்றாள் பொன்னம்மாள்.

அந்தக் கை நகரவில்லை. கன்னியம்மாள் தட்டை அடுத்தவளிடம் நீட்டினாள். பொன்னம்மாள் நிமிர்ந்து சுவரோரம் போய் நின்றாள். பறை மறுபடி தொடங்கியது. ஒவ்வொருத்தியாக வந்து அரிசி போட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் தாட்சாயிணி கையை எடுத்துக்கொண்டாள்.

பாடையைத் தூக்கினார்கள். மூலையில் கட்டிய கோழிக்குஞ்சு கீச்சிட்டுக்கொண்டே போனது. பந்தல் காலியாகும்வரை பொன்னம்மாள் மூடிய கையைத் திறக்கவில்லை. திறந்தபோது, அரிசி வேர்வையில் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது.