தண்ணீருக்கு இறங்கிய கோட்டை

தொப்பித்துரை கோட்டை முதன்முதலாகத் தண்ணீர் குடிக்கக் குன்றை விட்டு இறங்கியது சித்திரை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அந்த வாரம் சந்தையில் மிளகுக்கு நல்ல விலை, மரவள்ளியைக் கேட்பாரில்லை. கோட்டைக்குள் அப்போது ஒரு கல்யாணப் பந்திக்கு ஆகும் அளவுக்கு ஜனம் இருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பமும், பெண்ணைக் காட்ட வந்த ஒரு குடும்பமும் அதில் அடக்கம். ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

கோட்டை மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியின் ஓரத்தில், கோம்பை ஏரியைப் பார்த்தபடி நிற்கும் குன்றின் உச்சியில் இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை கட்டியது. அவர் பெயர் மலைக்காரர்களின் வாயில் நுழையாததால், குளிக்கும்போதுகூடக் கழற்றாத தொப்பியே அவருக்குப் பெயராயிற்று. மூலைக்கொரு கொத்தளம், ஏரிப் பக்கம் வாசல், மேலே இரண்டு பீரங்கி. அவ்வளவு உயரம் மூச்சு வாங்க ஏறி வந்து சண்டை போட எந்த எதிரிக்கும் மனம் வராததால் பீரங்கிகள் ஒருமுறையும் வெடிக்கவில்லை. மலைக்காய்ச்சல் கண்டு சிப்பாய்கள் ஒவ்வொருவராகக் கீழே போக, கடைசியில் துரையும் டோலியில் ஏறிப் போனார். பிறகு வெகுகாலம் கோட்டையை ஆடுகளும் தேனீக்களும் ஆண்டன. கொரோனா ஓய்ந்த பின் அதைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. சிமெண்டு ஆகாது, பழையபடிதான் கட்ட வேண்டும் என்றார்கள். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் முட்டையும் சேர்த்துப் புளிக்கவைத்து, அரைத்துப் பூசினார்கள். அந்தப் பூச்சு வாரக்கணக்கில் தண்ணீர் கேட்கும். அந்தக் கோடையிலோ போர்வெல் வற்றிப்போயிருந்தது. திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. கோட்டை பாதித் தாகத்தோடுதான் திறக்கப்பட்டது.

தாகத்தை முதலில் கண்டவர் காவலாளி சென்றாயன். சுவரோரம் வைத்த பாட்டில்கள் மூடியைத் திறக்காமலே காலியாயின. வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்தவர்களின் சட்டை இஸ்திரி போட்டதுபோல் உலர்ந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியின் பழக்கத்தைப் புரிந்துகொள்வதுபோல அவர் புரிந்துகொண்டு, வேலை முடிந்து போகும்போது மூலைக்கொரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அது போதவில்லை.

பெண் பார்க்கும் இடமாகக் கோட்டையைத் தேர்ந்தெடுத்தவர் ராசப்பன். அவருக்கு மிளகுக்கொடியும் மரவள்ளிக் காடும் இருந்தன. சங்கீதா என்று ஒரே மகள் இருந்தாள். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள் அவள். பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் அவள் இறங்குகிற லாவகத்தைப் பார்த்து பஸ் டிரைவர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். கோட்டை வேலைக்குச் சுண்ணாம்பும் கருப்பட்டியும் முட்டையும் நடைநடையாக ஏற்றி வந்ததும் அவள் வண்டிதான். அதுவரை பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், நன்றாகப் பேசினார்கள், எழுந்து செருப்பு மாட்டும்போது ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "பொண்ணு புடிச்சிருக்குதுங்க, வண்டிய மட்டும் வித்துப்போடச் சொல்லுங்க." சங்கீதாவுக்குக் கல்யாணத்தின் மேல் வெறுப்பில்லை. வண்டியின் இடப்பக்கச் சீட்டில் யாராவது உட்கார்ந்து வழியெல்லாம் எதையாவது பேசிக்கொண்டு வந்தால் நன்றாயிருக்கும் என்று வெகுநாளாக ஓர் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வயது முப்பதைத் தாண்டியபின், இதுதான் கடைசி, இனி யார் முன்னாலும் போய் நிற்பதில்லை என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டாள். அதனால்தான் ராசப்பன் கோட்டையைச் சொன்னார். சரிப்பட்டு வராவிட்டால் இரண்டு வீட்டாரும் சுற்றிப்பார்க்க வந்தவர்கள்போல் கலைந்து போய்விடலாம்.

மாப்பிள்ளை யுவராஜ் ராசிபுரத்தில் பேக்கரி வைத்திருந்தான். பூர்வீகம் இதே மலையின் பைல் நாடு. தாத்தா காலத்திலேயே கீழே இறங்கிவிட்ட குடும்பம். மலையேறும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பஸ் நின்றதும் அவன் நேராக ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தான். சங்கீதா அவனை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். இரண்டாவது முறை பார்த்தபோது கோட்டைக்குள் ஒரு கல்பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தான். மடியில் அவன் கையால் சுட்ட தேங்காய் பன் ஒரு பெட்டி.

"ஏப்பா, இவரு என்னையப் பாக்க வந்தாரா, ஆஸ்பத்திரியப் பாக்க வந்தாரா?" என்றாள் சங்கீதா.

"சும்மா இரு சாமி. பாவம், நல்ல பையனாட்டத் தெரியுது" என்றார் ராசப்பன்.

யுவராஜின் அம்மா அத்தாயி கணீர் குரல்காரி. வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவள் பஸ்ஸிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் முறையென்று ஒன்று இருக்கிறதே. முதலில் பிள்ளைகள் இரண்டும் தனியாகப் பேசட்டும் என்று ஏரிப் பக்கக் கொத்தளத்தின் மேல் அனுப்பிவைத்தார்கள். இருவரும் மேலே போய்ப் பீரங்கிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று, வெயிலில் தகதகக்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோட்டை எழுந்தது.

படுத்திருந்த எருமை எழுவதுபோல முதலில் பின்பக்கம் எழுந்தது, பிறகு முன்பக்கம். நாலு கொத்தளமும் நாலு காலாயின. முற்றத்தில் பிரியாணிக் குண்டானோடு சேந்தமங்கலத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பாத்திமா பீவி, குண்டான் சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கோட்டை ஒருமுறை உடம்பைச் சிலுப்பி, ஏரியைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது. ஒரு மரவள்ளிச் செடிகூட ஒடியவில்லை. பதறிக் கத்தியவர்கள் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பாத்திமா பீவி, பயந்த வயிற்றுக்குச் சோறுதான் மருந்து என்று சொல்லி, அருகில் இருந்தவர்களுக்கெல்லாம் பிரியாணி வைக்க ஆரம்பித்தார்.

கொத்தளத்தின் மேலே சங்கீதா மட்டும் பீரங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை வளைவுகளிலும் பயம் அறியாதவள் அவள். வண்டி என்று அவள் ஏறியதெல்லாம் அவளே ஓட்டியது. பிறர் ஓட்டி அவள் சும்மா இருந்ததில்லை. இப்போது இவ்வளவு பெரிய ஒன்று சரிவில் இறங்குகிறது, ஸ்டியரிங் எங்கே என்று தெரியவில்லை. அவளுடைய வலதுகால் தானாகக் கல்தரையை அழுத்திக்கொண்டேயிருந்தது.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?" என்றான் யுவராஜ்.

"பிரேக்குங்க" என்றாள். சொன்னபின் வெட்கமாகிவிட்டது.

அவனுக்கோ முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. காலையிலிருந்து சுற்றிய தலை இப்போதுதான் நின்றிருக்கிறது என்றான். பஸ் வெட்டி வெட்டி இழுக்கிறது, இது மாவு பிசைகிற கைபோல ஒரே சீராகப் போகிறது என்றான். பெட்டியைத் திறந்து ஒரு பன்னைப் பிட்டுப் பாதியை அவள் கையில் வைத்தான். "மொதல்ல இதைத் தின்னுங்க. நான் பஸ்ஸு ஏறும்போதெல்லாம் இப்பிடித்தானுங்க பயப்படறேன். பயந்துக்கிட்டேதான் ஏறறேன்." அவள் தின்றாள். ஏலக்காய் வாசமாக இருந்தது. கால் தரையை அழுத்துவதை விட்டது. கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"வண்டிய விக்கச் சொல்லுவீங்களா?"

யுவராஜ் பன் பெட்டியை மூடினான். "உங்க வண்டில ஏறுனா எனக்கு வாந்தி வருமுங்க. அதுக்காவ நீங்க ஓட்டாம இருக்க முடியுமா? எனக்கு வாந்தி வந்தா நாந்தான பாத்துக்கோணும்."

இதற்குள் கோட்டை கரைக்கு வந்துவிட்டது. முன்கால்களை மடக்கி, வாசலைத் தண்ணீரில் வைத்துக் குடிக்கத் தொடங்கியது. சுவர்கள் உறிஞ்சுகிற சத்தம் அக்கரை வரை கேட்டதாம். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. பிள்ளைகள் குதித்து ஆடினார்கள். வெள்ளைச் சுவரெல்லாம் கருத்து, மினுமினுத்து, பிறகு மறுபடி வெளுத்தன. வயிறு நிறைந்ததும் திரும்பிப் போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஏரித் தண்ணீரின் குளுமையில் கோட்டை அப்படியே தூங்கிப்போனது. தூக்கத்திலும் குடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஈரச் சேறு அகலமாகிக்கொண்டே போயிற்று. சுற்று வட்டத்து ஊர்களுக்கெல்லாம் குடிக்கவும், நாற்றுக்கும், மாட்டுக்கும் அந்த ஏரிதான். ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். தள்ளிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், கோயில் பறையைக் கொண்டுவந்து அடித்தும் பார்த்தார்கள். சென்றாயன் சுவரில் வாயை வைத்து, "போதும் எந்திரி சாமி" என்று கெஞ்சினார். ஆபீசுக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? பொழுது சாய்வதற்குள் ஏரி குட்டையாகிவிடும்போல் இருந்தது.

சங்கீதா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவள் வந்த வண்டி குன்றின் மேலேயே நின்றது. இந்தச் சுவர் தின்றதெல்லாம் அந்த வண்டி கொண்டுவந்து கொட்டியது. அதன் ஹாரனைக் கேட்டாலாவது எழுகிறதா பார்க்கலாம் என்று அவளுக்குப் பட்டது, அவ்வளவுதான். கரையேறித் திரும்பிப் பார்த்தால் பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு யுவராஜ் பின்னால் வந்துகொண்டிருந்தான். இருவரும் மூச்சு வாங்க மேலே ஏறினார்கள். கோட்டை இருந்த இடம் துடைத்த தட்டுபோல் வெறுமையாகக் கிடந்தது. வண்டியில் ஏறியதும் இடப்பக்கச் சீட்டில் அவன் உட்கார்ந்தான். காட்டுப் பாதையில் வண்டி குலுங்கி இறங்கியது. அவன் ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் மாவு ஏன் பொங்க மாட்டேன் என்கிறது என்று விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். அந்தச் சரிவில் இவ்வளவு சந்தோஷமாகத் தான் ஓட்டியதேயில்லை என்று சங்கீதா பிற்பாடு சொன்னாள்.

கரையில் வண்டியை நிறுத்தி அவள் ஹாரனை அழுத்தினாள். உறிஞ்சுகிற சத்தம் நின்றது. இன்னொருமுறை அழுத்தினாள். கோட்டை பின்பக்கத்தைத் தூக்கியது, முன்பக்கத்தைத் தூக்கியது, வாசல் வழியாகத் தண்ணீரையும் சில கெண்டை மீன்களையும் கொட்டிவிட்டு, கருப்பட்டி வந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல வண்டியின் பக்கம் குனிந்தது. அவள் வண்டியைத் திருப்பி மெதுவாக மேடேறினாள். பின்னால் கோட்டை, இரண்டு வண்டிக்கு நடுவே விட வேண்டிய இடைவெளியை விட்டு, கன்றுக்குட்டி மாதிரி வந்தது. கொத்தளத்தின் மேல் நின்ற அத்தாயி, முன்னால் போகிற அந்தச் சின்ன வண்டியையும் அதிலிருந்து வெளியே நீட்டிய தன் மகனின் தலையையும் பார்த்தாள். அவள் போட்ட சத்தம் காடெல்லாம் கேட்டது: "கண்ணு, மெதுவாப் போ! நாங்கெல்லாம் பின்னாடி வாரமில்ல!"

கோட்டை தன் பழைய இடத்தில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. எல்லோரும் இறங்கி உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டபோது, ராசப்பன் தயங்கித் தயங்கி, வண்டி விஷயம் எப்படி என்று அத்தாயியிடம் தாமே ஆரம்பித்தார். அவரைப் பார்த்த அத்தாயியின் பார்வையில் நிஜமாகவே கோபம் இருந்தது.

"நல்லாக் கேட்டீங்க போங்க. வண்டிய வித்துப்போட்டா, அப்பறம் இந்தக் கோட்டைய ஆரு ஊட்டுக்கு ஓட்டிட்டு வாரது?"

ஆவணியில் கல்யாணம். பாத்திமா பீவி குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார். யுவராஜ் மலைமேல் ஒரு கிளை போட்டான். வாரத்தில் பாதி நாள் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து மேலே வருகிறான். வாந்தி இன்னும் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. கோட்டைக்கு வாரம் ஒருநாள் தண்ணீர் காட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. நுழைவு வாசலில், பார்வை நேரத்துக்குக் கீழே, தண்ணீருக்குப் போகும் நேரமும் எழுதிவைத்தார்கள். அந்த நேரத்தில்தான் கூட்டம் அதிகம். மிளகு காய வைப்பவர்கள், போகும் வழியில் வெயில் நன்றாகப் படும் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கொத்தளத்தில் ஏறிக்கொள்வதும் உண்டு.

மழை பொய்த்த ஒரு வருஷம் கோம்பை ஏரி வறண்டது. அந்தக் கோடை முழுக்க சங்கீதா கோட்டையைப் பைல் நாட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். எந்த ஏரியில் தண்ணீர் கிடந்ததோ அங்கே காட்டிக்கொண்டு வந்தாள். அப்போது சென்னையிலிருந்து கோட்டையைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், குன்றின் மேல் வெறும் பாறையைக் கண்டு திகைத்து, காரைத் திருப்பிக்கொண்டு வரும் வழியில், ரோட்டோரம் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த கண்ணாயியிடம், இங்கே ஒரு பழைய கோட்டை இருக்கிறதாமே என்று விசாரித்தது. கண்ணாயி ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை.

"இப்பத்தானுங்க இப்பிடிப் போச்சு. கொஞ்சம் வேகமாப் போனீங்கன்னா அடுத்த வளைவுலயே புடிச்சர்லாம்."