கட்டின் மேல் ஈரக் கை

தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவும் ஒளுவை ஜெய்னம்பு கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவாள். அடுப்பில் சோறு கொதிக்கும், தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும், அவளும் என்னதான் செய்வாள்? புருஷன் மைதீன் பிச்சை அப்படியில்லை. விரல் இடுக்கெல்லாம் கோதிக் கழுவுவான்.

“முழங்கை காஞ்சு கெடக்கு பாரு. திரும்பச் செய்யி” என்பான்.

“அல்லா மனசப் பாப்பானா, என் முழங்கையப் பாப்பானா மச்சான்?”

“ரெண்டையும்தான் பாப்பான்.”

கல்யாணமான நாளிலிருந்து இதே வழக்குதான்.

சிவகாசியில் காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்த நேரம். காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கிற மிஷினில் நின்ற ஜெய்னம்புவின் வலது உள்ளங்கையைத் தகரம் கிழித்துவிட்டது. பக்கத்தில் வேலை பார்த்த பாலம்மாள் துணியைச் சுற்றி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தையல் போட்டு மணிக்கட்டுவரை கட்டினார்கள். தண்ணீர் படவே கூடாது என்றார் டாக்டர்.

மைதீன் பிச்சை பள்ளிவாசலுக்கு ஓடி, தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தான். “மத்த எடத்தக் கழுவிட்டு, கட்டு மேல ஈரக் கையால தடவுனாப் போதுமாம்.”

தடவினாள், தொழுதாள். மனசு மட்டும் ஒட்டவில்லை.

“தொழுத மாதிரியே இல்ல மச்சான். அந்தக் கையில தண்ணி ஓடலையே.”

“அதனால என்ன? அல்லா மனசப் பாப்பான்.”

“இதப் பேசுறது நீங்கதானா?” என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

மறுநாள் மதியம். அவன் லோடு ஏற்றப் போயிருந்தான். ஜெய்னம்பு கட்டை அவிழ்த்தாள். குழாயைத் திறந்து, வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அவ்வளவு பொறுமையாக, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். தையல் விட்டுக்கொண்டது. சாப்பிட வந்த மைதீன் பிச்சை, முற்றமெல்லாம் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துப் பதறினான்.

“ஏ கிறுக்கி! என்ன காரியம் பண்ணிருக்க?”

“ஒளுவ ஒழுங்காச் செய்யலாம்னு...”

துண்டை வைத்து அழுத்திப் பிடித்தபடி சொன்னான்: “ரத்தம் இம்புட்டு ஓடுனா இருந்த ஒளுவும் முறிஞ்சு போகும். அதாவது தெரியுமா?”

அழுதுகொண்டிருந்தவளுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அவனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

டாக்டரிடம் ரெண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டு, புதுக் கட்டோடு திரும்பும்போது சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரம் ஆகியிருந்தது. மைதீன் பிச்சை சொம்பில் தண்ணீர் ஊற்றினான். அவள் இடது கையாலேயே முகம் கழுவினாள். அவன் ஊற்ற ஊற்றக் கால் விரல்களைக் கோதினாள். கட்டின் மேல் ஈரக் கையை வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தடவுவதுபோல மெல்லத் தடவினாள். இந்தத் தடவை மனசு உறுத்தவில்லை.

“பள்ளிக்குப் போகலையா மச்சான்?”

“இன்னைக்கு ஒன்கூடவே தொழுதுக்கிறேன்.”

பாயை விரித்து முன்னால் நின்றான். அவள் பின்னால் நின்றாள். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதில் கட்டுப்போட்ட கையை ஊன்ற முடியாமல் புறங்கையைப் பாயில் கிடத்தினாள். ஒற்றைக் கையை ஊன்றி அவள் எழுந்து நிற்க நேரம் பிடித்தது. பின்னால் அவள் மூச்சு சீராகிறவரை காத்திருந்து, அதன் பிறகே அவன் தொழுகையின் அடுத்த சுற்றான ரக்அத்தை ஓத ஆரம்பித்தான்.