கை வைக்க வேண்டாம்

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். குழாய்க்காரர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கக் கீழே போயிருந்தார். அறையில் அவர் மனைவி மட்டும்தான்.

"சிறுகுடல்ல கட்டிம்மா. லிம்போமான்னு பேரு, ஒரு வகைப் புத்துநோய். இதுல கை வைக்க வேண்டாம், மருந்தே போதும். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, ஏத்த ஆரம்பிச்சிடலாம்."

முதல் இரண்டு வாக்கியத்துக்கே அவளுக்குக் காது அடைத்துவிட்டது. மற்றதெல்லாம் அரைகுறையாகத்தான் விழுந்தது; மனசில் தைத்தது "கை வைக்க வேண்டாம்" மட்டும்தான்.

முப்பது வருஷமாகக் கேட்டுவந்த வார்த்தை அது. ஏதாவது வீட்டில் குழாய் முழுக்கத் துருவேறி, ஓர் இடத்தில் அறுத்தால் நாலு இடத்தில் ஒழுகும் என்று கண்டால், குழாய்க்காரர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதுல கை வைக்க வேண்டாம் சார்" என்பார். தேறாது என்று அர்த்தம். அறுத்து மாற்ற முடிகிற குழாய்தான் அவர்கள் வீட்டு அகராதியில் பிழைக்கிற குழாய். டாக்டரம்மாவுக்கு இந்த அகராதி எங்கே தெரியும், பாவம்!

"என்ன சொன்னாங்க?" என்றார் அவர், கைமடிப்பில் பஞ்சை அழுத்தியபடி.

"புண்ணுதானாம். மருந்துலயே கரைஞ்சிடுமாம்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். பொய் என்று நினைத்துச் சொன்னதில், மருந்தில் கரையும் என்பது சத்தியம் என்று அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வந்தது, போனது. போகிற உயிரை ஊசியால் குத்தி வதைப்பானேன் என்று அவள் மருந்துக் கடையில் வயிற்றெரிச்சல் மாத்திரை வாங்கிவந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. "வெளியூர் போயிட்டோம்" என்று வைத்துவிட்டாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் சமைத்தாள், சிரித்தாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் தட்டில் போட்டாள். அவரால் பாதிகூடச் சாப்பிட முடியவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. "பரவால்ல, குழாய்ப் பொந்துக்குள்ள நுழையச் சுலபமா இருக்கு" என்று வேறு கிண்டல்.

ஐந்தாவது வாரம், ஒரு மத்தியானம், முகம் கழுவப் போனவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொட்டால் வயிறு பலகை மாதிரி இருந்தது.

"குடல்ல ஓட்டை விழுந்துடுச்சு. இப்பவே அறுத்தாகணும்" என்றார் டாக்டரம்மா. "ஏம்மா நீங்க வரவே இல்ல?"

"நீங்கதானே கை வைக்க வேண்டாம்னு கைவிரிச்சீங்க?"

"கைவிரிச்சேனா?" டாக்டரம்மா அவளையே பார்த்தார். "அவருக்கு வந்திருக்கிறது மருந்துக்கு நல்லாக் கேக்கற வகைம்மா. அதனாலதான் கத்தி வேண்டாம்னேன்."

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று அவள் தன்னையே வைதுகொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த அதே கையால் ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டாள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு முழம் குடல் போயிற்று. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. மருந்து ஏற்ற வேண்டியது இன்னும் பாக்கி. காயம் ஆறி, உடம்பு தேறினால்தான் ஏற்ற முடியும். "தாங்குவாரா?" என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்குப் "போதும்" என்ற அதே வாய்.

நாலாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. அவள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுதாள்.

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"தேறாதுன்னு நெனச்சாலும், அந்த வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லாம வந்ததில்லம்மா" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"