கம்பியில் குத்தியிருந்த கடிதம்

பதினோரு வரி கோத்த பிறகுதான் அது தலையங்கம் இல்லை என்று எனக்கு உறைத்தது.

அச்சுக் கோப்பவளுக்குக் கண் வேறு, புத்தி வேறு. கண் பார்க்கும், விரல் எழுத்தைப் பொறுக்கும், பொருள் சாவகாசமாகப் பின்னால் வந்து சேரும். எங்கள் ஊர்ப் பத்திரிகையான 'ஆர்வில் முழக்கம்' அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு விதி. ஜன்னலோரக் கம்பியில் ஆசிரியர் கையெழுத்தில் எது குத்தியிருந்தாலும் கேள்வி கேட்காமல் கோக்க வேண்டும். ஆசிரியர் ஹாஸ்கல் தலையங்கம் எழுதும் அதே மஞ்சள் தாளில்தான் கடிதமும் எழுதுவார். அன்று அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகக் குத்திவிட்டுத் தபால் வண்டியைப் பிடிக்க ஓடியிருந்தார்.

கடிதம் ஒஹாயோவில் இருக்கும் அவருடைய தம்பிக்கு. பண்ணையை விற்காதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வராதே. இரண்டு கோடையாக மழை இல்லை, இருநூறு அடி தோண்டினாலும் தூசிதான் வருகிறது. பத்திரிகையில் நான் எழுதுவதை நீ பொருட்படுத்த வேண்டாம்.

ஐந்து வருடமாக அவருடைய தலையங்கங்களைக் கோப்பவள் நான். மேற்குக் கான்சஸ் இன்னும் பத்தே வருடத்தில் சிகாகோவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்பார். நிலத்தை உழ உழ வானம் இளகி மழை கூடும் என்பார். கிழக்கே இருப்பவர்களால் அப்பன் சொத்தைத் துண்டு போடத்தான் முடியும், புதிய செல்வம் பிறக்கப்போவது இங்கேதான் என்பார். ஆர்வில்லில் இல்லாத நாடகக் கொட்டகைக்குத் திறப்பு விழா தேதி மட்டும்தான் அவர் இன்னும் போடவில்லை. ஆனாலும் மனிதரைப் பொய்யர் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதும்போது அவருக்குக் காது சிவந்துவிடும். அவ்வளவு நம்பிக்கை.

அந்தத் தலையங்கம் வந்த பத்திரிகையை வாரம் தவறாமல் இண்டியானாவில் இருக்கும் என் அக்கா லவீனியாவுக்கு அனுப்பிவந்தேன். போன வாரம் அவளிடமிருந்து பதில் வந்திருந்தது. பண்ணையை வாங்க ஆள் கிடைத்துவிட்டான், செப்டம்பரில் எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து பிள்ளைகளோடு ரயிலேறுகிறோம் என்று எழுதியிருந்தாள். ஆறு மைல் தள்ளிப் போய்ப் பீப்பாயில் தண்ணீர் கொண்டுவருகிறவள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புருஷன் நிலத்துக்குப் போன பிறகு காற்றின் குரல் தவிர வேறு குரல் கேட்காத வீட்டில், அக்கா வருகிறாள் என்றதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. அச்சிலேயே போட்டிருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், கோத்தவளே நான்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு. வெட்கமாக இருந்தது.

மிச்சக் கடிதத்தையும் ஒரு வரி விடாமல் கோத்து முடித்தேன்.

ஹாஸ்கல் தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "தலையங்கம் ஆச்சாம்மா டீலியா?"

"ஒண்ணு ஆச்சுங்கய்யா. உங்க தம்பிக்கு எழுதினது."

கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முக்காலியில் உட்கார்ந்தார்.

"ரெண்டுல எது நெசம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நெசந்தாம்மா. ஆள் வந்தா ரயில் வரும், ரயில் வந்தா மில்லு வரும். ஆள் வரணும்னா எவனாவது முன்னாடியே சொல்லி வெக்கணும். இந்தக் கடுதாசியப் போட்டேன்னு வையி, அடுத்த வாரம் பாதி ஊரு மூட்டை கட்டிடும். அப்புறம் உன் புருஷன் நெலத்த யாரு சீண்டுவா?"

அதில் தப்புக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"அப்ப உங்க தம்பியும் வரட்டுமே. அவரும் ஆள்தானே?"

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அவன் பொண்டாட்டி மூஞ்சியில நான் தெனம் முழிக்கணுமேம்மா."

"எங்க அக்கா பண்ணைய விக்கப் போறா. நீங்க எழுதி, நான் கோத்து, நானே தபால்ல போட்டு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு இந்தக் கடுதாசிய ஒரே ஒரு தாள் அடிச்சுக் குடுங்க. என் கையால வேண்டான்னு எழுதினா, புருஷனோட சண்டை போட்டுட்டுப் பொலம்புறான்னு நெனப்பா. அச்சுல வந்தாத்தான் நம்புவா."

மேலே இருந்த தம்பியின் பெயரை எடுத்துவிட்டு 'லவீனியா அம்மையாருக்கு' என்று வைத்தேன். கீழே 'ஆசிரியர், ஹாஸ்கல்' என்று சேர்த்தேன். அவர் குனிந்து தலைகீழ் எழுத்துகளை மெல்லப் படித்தார்.

"இது அங்க நாலு பேர் கைக்குப் போச்சுன்னா நான் தொலைஞ்சேன்," என்றார். பிறகு, எப்போதும் நான் உருட்டும் மை உருளையை அவரே எடுத்து உருட்டி, தாளைப் பரப்பி, அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தார்.

தாளைக் கொடியில் தொங்கவிட்டேன். வியாழக்கிழமைப் பத்திரிகை இன்னும் பாக்கி இருந்தது. இரண்டையும் கோத்து வைக்கிற அளவுக்கு எங்களிடம் எழுத்து கிடையாது. கோத்திருந்த கடிதத்தைக் கழுவிப் பிரித்து, எழுத்துகளைப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டேன். பிறகு மற்ற மஞ்சள் தாளைக் கம்பியிலிருந்து எடுத்தேன். 'வாருங்கள், கிழக்கே வாழும் சகோதர சகோதரிகளே' என்று தொடங்கியது. லவீனியாவின் ஊரிலேயே நான்கு வீடுகளுக்கு எங்கள் பத்திரிகை போகிறது.

ஹாஸ்கல் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றார். கோக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுத்துக் கோக்கும் காலியான சட்டம் என் இடது கையில் இருந்தது. வலது கை விரல்களுக்கு நடுவே, கழுவிய ஈரம் இன்னும் காயாமல், வாருங்கள் என்பதன் முதல் எழுத்து இருந்தது.